அறுபத்தாறு வயதில் உதவி மேலாளர்

1

சென்ற செவ்வாய்க்கிழமை போர்ட் பிளேருக்குக் கப்பல் டிக்கெட் எடுக்கப் போனேன். ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். படிவத்தில் அப்படித்தான் எழுத வேண்டும். வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான் வருகிறது. படிவத்தில் பதினான்கு கட்டங்கள். ஒன்பதாவது கட்டம் தொழில். வழக்கமாக அதில் 'ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு' என்று எழுதுவேன். கட்டம் போதாமல் கடைசி எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். இந்த முறை 'சமையலர் மற்றும் உதவி மேலாளர்' என்று எழுதினேன். அதற்கும் கட்டம் போதவில்லை.

கவுன்டரில் இருந்த இளைஞர் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படிவத்தைப் பார்த்தார்.

"அங்கிள், ரிட்டயர்டுன்னு போடுங்க. அறுபத்தேழு வயசுக்கு அதான் சரியா இருக்கும்."

"ரிட்டயர்டு ஆனது உண்மை. ஆனா மறுபடி வேலைக்குச் சேர்ந்துட்டேன்."

"எங்கே?"

"கப்பல் நிக்கிற ஜெட்டி பக்கத்துல, ஜெயராணி ஹோட்டல்ல."

"அரே, இட்லி கார்டு நீங்கதானா?" என்று சொல்லி, சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

இந்தப் பட்டப்பெயர் எப்படி வந்தது என்று பின்னால் சொல்கிறேன். அன்றைக்கு நான் வேலையில் சேர்ந்து முந்நூற்று அறுபத்தைந்தாவது நாள். மானாமதுரையில் என்னை அறிந்தவர்கள், 'கார்டு இப்போது மகள் வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்' என்று பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். அந்த வாக்கியத்தில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. நான் நிம்மதியாகவும் இல்லை, உட்கார்ந்தும் இல்லை. திருத்தம் எழுத வேண்டியிருக்கிறது.

2

முப்பத்தேழு ஆண்டுகள் ரயிலின் கடைசிப் பெட்டியில் ஓடியவன், ஓர் அடி தண்டவாளம்கூட இல்லாத இடத்துக்கு வந்து சேர்ந்தேன். நான் இருப்பது கேம்பல் பே. கிரேட் நிக்கோபார் தீவு. போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் தெற்கே இரண்டு இரவுகள், கடல் மனது வைத்தால். வெங்காயம், உருளைக்கிழங்கு, உளுந்து, எரிவாயு சிலிண்டர், செய்தித்தாள், மாத்திரை, மாப்பிள்ளை எல்லாம் அந்தக் கப்பலில்தான் வர வேண்டும்.

என் மகள் கலைவாணி இங்கே அரசுப் பள்ளியில் ஆசிரியை. மருமகன் மின்துறை. மனைவி காலமான பிறகு, பள்ளி விட்டு வரும் பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னை அழைத்து வந்தார்கள். நான்கு ஆண்டுகள் பார்த்துக்கொண்டேன். பிறகு பேரன் மேல்படிப்புக்குப் போர்ட் பிளேர் போய்விட்டான். என் வேலையும் அவனோடு கப்பலேறிவிட்டது.

வாரம் ஒருமுறை பேசுவான். நான் இங்கே வந்த புதிதில் அவன் பேச்சில் பத்துச் சொல்லுக்கு எட்டு தமிழாக இருந்தது. இப்போது நான்கு. மீதி ஹிந்தி. "தாத்தா, கானா காயா? சரி, ரக்தா ஹூம்" என்று, சாப்பிட்டேனா என்பதை மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுவான். அவனைக் குறை சொல்ல முடியாது. வங்காளி, தெலுங்கர், மலையாளி, பஞ்சாபி என்று எல்லோரும் இங்கே ஹிந்தியில்தான் சந்தித்துக்கொள்கிறார்கள். என் ஹிந்தி நூற்று நாற்பது சொற்கள். நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இவர்கள் எப்படிக் குழப்பமில்லாமல் வாழ்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

பேரன் போன பிறகு வாசலில் நாற்காலி போட்டு, சாலையில் போகும் ஜீப்புகளை எண்ணினேன். ஒரு நாளைக்குச் சராசரி இருபத்தாறு. மாலை நான்கு மணிக்கு ஜெட்டி வரை நடந்து, ஜெயராணி ஹோட்டலில் தேநீர் குடிப்பேன். ஆறு மேசை, இருபத்துநான்கு நாற்காலி, வாசலில் ஏழு பேர் உட்காரும் ஒரு பெஞ்சு. ஆறு மின்விசிறியில் நான்கு சுற்றும்.

ஜெயராணிக்கு நாற்பத்தாறு வயது. அப்பா வேலூர்ப் பக்கத்து முன்னாள் ராணுவத்தினர். நிலம் தருகிறார்கள் என்று குடும்பத்தோடு இங்கே வந்து குடியேறியவர். ஜெயராணி இங்கேயே பிறந்தவள். தமிழ்நாட்டை அவள் 'மெயின்லேண்ட்' என்றுதான் சொல்வாள். அவளிடம் நான் தினமும் குறை சொல்வேன். சாம்பார் தண்ணீர், தோசை கனம், மேசை ஆடுகிறது. ஒரு மாதத்தில் இருபத்துமூன்று குறைகள் சொல்லியிருக்கிறேன். சமையல்காரர் பிஸ்வாஸ் வேலையை விட்டு மாயாபந்தரில் மகள் வீட்டுக்குப் போன மறுநாள், இருபத்துநான்காவது குறையைச் சொன்னேன்.

"கார்டு அங்கிள், குறை சொல்ல நல்லா வருது உங்களுக்கு. கரண்டி பிடிக்க வருமா?"

வரும். இது ஊரில் பலருக்குத் தெரியாது. சரக்கு ரயில் கார்டுகளான நாங்கள் ஓடிப் போய் இறங்கும் ஊரில் ரன்னிங் ரூமில் தங்குவோம். நான் என் சமையலை யாரிடமும் விட்டதில்லை. அங்கே எட்டுப் பேருக்கு, பத்துப் பேருக்கு நான்தான் வடித்துக் கொட்டுவேன். வீட்டில் மனைவி அடுப்பங்கரைப் பக்கம் விடமாட்டாள். அதனால் என் சமையலைச் சாப்பிட்டவர்கள் எல்லோரும் காக்கியோ வெள்ளையோ உடுத்தியவர்கள்.

உள்ளே போய் ஒரு தோசை வார்த்துக் கொடுத்தேன். ஜெயராணி நின்றபடியே சாப்பிட்டாள்.

"படிச்ச குக் ஒருத்தன் மெயின்லேண்ட்ல இருந்து வர்றேன்னு சொல்லியிருக்கான். கேட்டரிங் டிப்ளமோ. எப்ப வருவான்னு தெரியல. அதுவரைக்கும் நீங்க. குக், அப்புறம் அசிஸ்டென்ட் மேனேஜர்."

"ரெண்டுமா?"

"ரெண்டு ஆளுக்கு கிச்சன்ல எடம் இல்ல அங்கிள். மூணு மாசம் பார்க்கலாம். நல்லா போச்சுன்னா நீங்க பக்கா, நிரந்தரம். போகலைன்னா பழையபடி நாலு மணிக்கு சாய் குடிக்க வாங்க."

வீட்டில் சொன்னபோது கலைவாணி கையிலிருந்த விடைத்தாள் கட்டைக் கீழே வைத்தாள்.

"முப்பத்தேழு வருஷம் கொடி புடிச்ச கைப்பா. ஹோட்டல்ல எச்சித்தட்டு எடுக்கப் போகுதா? ஸ்டாஃப் ரூம்ல என்னை என்ன கேப்பாங்க?"

"தட்டு எடுக்க அங்க பூல்மணின்னு ஒரு அம்மா இருக்கு. நான் சமைக்கிறேன்."

"நாங்க என்ன குறை வெச்சோம் உங்களுக்கு?"

"ஒரு குறையும் இல்லம்மா. காலையில நான் ஒரு எடத்துக்கு வரலைன்னா, 'ஏன் இன்னும் வரல'ன்னு யாராவது கேக்கணும். அவ்வளவுதான்."

அவள் விடைத்தாள் கட்டை மறுபடி கையில் எடுத்தாள். பிறகு ஒப்பந்தம் போட்டாள். "மூணு மாசம். அதுக்குள்ள அந்தம்மா உங்களை நிரந்தரமா வெச்சுக்கலைன்னா, அதோட சரி. அப்புறம் ஹோட்டல், சமையல்னு பேச்சே வரக் கூடாது. வீட்ல இருக்கணும்."

ஒப்புக்கொண்டேன். தொண்ணூறு நாள்.

3

சமையல் வேலைக்கு மருத்துவத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். நான்கு நாள் அலைந்தேன். முதல் நாள் மருத்துவர் இல்லை, இரண்டாம் நாள் படிவம் இல்லை, மூன்றாம் நாள் என்னிடம் புகைப்படம் இல்லை. நான்காம் நாள் எல்லாம் இருந்தது. இளம் மருத்துவர் என் நாக்கு, நகம், கண் எல்லாம் பார்த்துவிட்டு, "யாருக்கு சர்டிபிகேட்? பையனுக்கா?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். முன் அனுபவம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தேன். சரக்கு ரயிலில் சமையல் அனுபவம் என்று எழுதினால் கேள்வி வரும். பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்தேன்.

முதல் பதினெட்டு நாட்கள் நன்றாகப் போயின. மானாமதுரையில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு இங்கே ஐந்தரை மணி நேரத்திலேயே பொங்கி வழிந்தது. உப்பு, சீரகம், தீப்பெட்டி எல்லாம் ஈரம் குடித்தன. அவற்றைப் பழக்கிக்கொண்டேன். பத்தொன்பதாவது நாள் தவறு செய்தேன்.

'நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கப்பல்' என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஜெயராணி அன்று ஜோகிந்தர் நகரில் அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். எனக்கு இது முதல் வாய்ப்பு. ஒன்பது மணி என்றால் ஒன்பது மணி. அதற்கு எட்டு நாற்பதுக்குத் தயாராக இருக்க வேண்டும். முதல் நாள் மாலையே ஸ்டோரில் இருந்த உளுந்தை எல்லாம் ஊறப்போட்டு அரைத்தேன். விடியற்காலையில் ஈடு ஈடாக எடுத்து அடுக்கினேன்.

பாத்திரம் தேய்க்கும் பூல்மணி ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்துப் பெண், ஐம்பது வயது. அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "தாதா, ஜஹாஸ் தேகா?" என்றாள். அண்ணா, கப்பலைப் பார்த்தாயா என்கிறாள்.

"பார்க்க என்ன இருக்கு? நோட்டீஸ் ஒட்டியிருக்கு."

அவள் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

எட்டு நாற்பதுக்கு முந்நூற்று இருபது இட்லிகள் தயார். ஒன்பதுக்குக் கப்பல் இல்லை. பத்துக்கும் இல்லை. பத்தரைக்கு ஜெயராணி வந்தாள்.

"எத்தனை அங்கிள்?"

"முந்நூற்று இருபது."

"உளுந்து?"

"எல்லாம்."

அவள் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "அது ரெண்டு ஜஹாஸுக்கு வெச்சிருந்த உளுந்து."

"ஒன்பது மணின்னு போட்டிருந்தாங்களே."

"நோட்டீஸ ஆபீஸ் ஒட்டுது. ஜஹாஸ சமுந்தர்தான் அனுப்புது. இது உங்க ரயில் இல்ல அங்கிள். இங்க கப்பல் கண்ணுல பட்டாத்தான் அடுப்பு. எங்கப்பா காலத்துல இருந்து அதான் தஸ்தூர், வழக்கம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

வழியில் ஏதோ ஒரு தீவில் அலை பெரிதாக இருந்து, கப்பலால் அணைய முடியவில்லையாம். மறுநாள் மாலை நான்கு பத்துக்குத்தான் வந்தது. அதற்குள் கேம்பல் பேயில் இட்லி சாப்பிடாத வாய் இல்லை. கோவிந்த் நகர்க் கோழிகள்கூடச் சாப்பிட்டன. அந்தக் கப்பலில் உளுந்து வரவில்லை. அதன் பிறகு பதினாறு நாள் ஹோட்டலில் இட்லியும் இல்லை, தோசையும் இல்லை. நான் சாலையில் நடந்தால், எதிரே வரும் ஜீப்காரர்கள் பச்சைக்கொடி காட்டுவதுபோல் கையை ஆட்டினார்கள். இட்லி கார்டு.

அன்று ஜெயராணி திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "இனிமே நீங்க குக் மட்டும் அங்கிள். மேனேஜர் வேலைய நானே பாத்துக்கிறேன்" என்றாள். வீட்டுக்குப் போனேன். தட்டில் இட்லி உப்புமா இருந்தது. என் இட்லிதான். மாணவர் ஒருவர் வீட்டிலிருந்து டீச்சருக்கு என்று கொடுத்தனுப்பியிருந்தார்கள். கலைவாணி இன்னொரு கரண்டி வைத்தாள்.

4

மூன்று நாள் யோசித்தேன். நான் செய்தது தவறு. ஆனால் இவர்கள் வழக்கத்திலும் ஒரு குறை இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கப்பல் கண்ணில் பட்ட பிறகு அரிசி களைந்தால், சாப்பாடாக இரண்டு மணி நேரம் ஆகும். இரண்டு இரவு கப்பலில் குலுங்கி வந்தவன் அதுவரை நிற்கமாட்டான். பிஸ்கட்டைத் தின்றுவிட்டு ஜீப் ஏறிவிடுவான். நான் அதிகம் முந்தினேன். இவர்கள் அதிகம் பிந்துகிறார்கள்.

ரயிலில் இதற்கு ஒரு முறை உண்டு. கால அட்டவணையை நம்பி யாரும் வண்டியை விடுவதில்லை. அடுத்த ஸ்டேஷனும் முந்தின ஸ்டேஷனும் பேசிக்கொண்டு 'லைன் கிளியர்' கொடுத்த பிறகுதான் வண்டி நகரும். அட்டவணை பயணிகளுக்கு, லைன் கிளியர் எங்களுக்கு. முப்பத்தேழு ஆண்டு இதைச் செய்தவன், ஓர் அறிவிப்புத் தாளைப் பார்த்து ஏமாந்ததை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

கப்பலுக்கு முந்தின ஸ்டேஷன் கமோர்ட்டா தீவு. அங்கே ஜெட்டிக்கு எதிரில் காதர் பாய் கடை வைத்திருக்கிறார். கீழக்கரைக்காரர், நான் நேரில் பார்த்ததில்லை. எண் வாங்கிப் போன் செய்தேன்.

"பாய், கப்பல் அங்கே கயிறு அவிழ்த்ததும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்."

"நான் என்ன ஸ்டேஷன் மாஸ்டரா?"

"ஆமா."

அவர் ஒரு நிமிடம் சிரித்தார். "வாப்பா ஆசைப்பட்டாரு, நான் கவர்மென்ட் உத்தியோகத்துக்குப் போகணும்னு. சரி, சொல்றேன் கார்டு சார்."

அதன் பிறகு ஏழு கப்பல்களைக் குறித்தேன். கமோர்ட்டாவில் கயிறு அவிழ்த்ததிலிருந்து இங்கே வந்து சேர எட்டு மணி நேரத்துக்குக் குறையவில்லை, பதினொன்றைத் தாண்டவில்லை. கடல் முனையில் கப்பல் தெரிவதிலிருந்து படிக்கட்டு இறங்குவதற்குக் குறைந்தது நாற்பத்தெட்டு நிமிடம்.

உணவையும் இரண்டாகப் பிரித்தேன். காத்திருக்கும் உணவு, காத்திருக்காத உணவு. இட்லி காத்திருக்காது. புளிக்காய்ச்சல் காத்திருக்கும். சரக்கு ரயில் கார்டின் பெட்டியில் கொடி, விளக்கு, டெட்டனேட்டர் என்னும் எச்சரிக்கை வெடி இவற்றோடு ஒரு டப்பா புளிக்காய்ச்சலும் இருக்கும். எந்த அத்துவான ஸ்டேஷனில் வண்டியைப் பத்து மணி நேரம் ஓரங்கட்டினாலும், கொஞ்சம் சோறு கிடைத்தால் சாப்பாடு ஆயிற்று. நல்லெண்ணெய் மேலே மிதக்கும்படி மூன்று ஜாடி காய்ச்சி வைத்தேன். ஜெயராணி ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஜாடியை மூடிவிட்டுப் போனாள். போனவள் திரும்பி வந்து இன்னொரு கரண்டி எடுத்தாள்.

ஆனால் மேலாளர் வேலை திரும்பவில்லை. கப்பல் நாட்களில் நான் உள்ளே சமைப்பேன், அவள் வெளியே நின்று கூட்டத்தோடு கத்துவாள். எண்பதாவது நாள் கலைவாணி, "இன்னும் பத்து நாள்தானேப்பா" என்றாள். மகிழ்ச்சியோடு சொன்னாளா, பரிவோடு சொன்னாளா என்று தெரியவில்லை.

5

எண்பத்தேழாவது நாள். கப்பல் ஐந்து நாள் தாமதம். காற்றும் மழையும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போன் இல்லை. அதனால் காதர் பாயும் இல்லை. ஊரில் வெங்காயம் தீர்ந்து ஒன்பது நாள். எங்களிடம் அரைச் சிலிண்டர் எரிவாயு. மற்ற இரண்டு ஹோட்டல்களும் ஷட்டரை இறக்கிவிட்டன.

போன் அடங்குவதற்கு முன் ஜெயராணிக்கு ஒரு செய்தி வந்திருந்தது. அதை அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னாள். "அந்தப் பையன் அன்பரசன் ஜஹாஸ் ஏறிட்டானாம் அங்கிள். டிப்ளமோ."

ஆக, வரப்போகும் கப்பலில் என் இடத்துக்கு ஆள் வருகிறது. கலைவாணியின் கெடுவுக்கு மூன்று நாள் மிச்சம்.

பகல் பதினொன்று இருபதுக்குப் பின்கட்டிலிருந்து பூல்மணியின் குரல். "தாதா, ஜஹாஸ்."

தூறலுக்கு நடுவே முனையில் வெள்ளையாகத் தெரிந்தது. நாற்பத்தெட்டு நிமிடம்.

ஜெயராணி சிலிண்டரைத் தட்டிப் பார்த்தாள். "முப்பது பேருக்குத்தான் தாங்கும். அவ்வளவு பண்ணிட்டு ஷட்டரை இழுத்துடலாம் அங்கிள். இல்லாதவங்க சண்டைக்கு வருவாங்க."

"அஞ்சு நாள் லேட்டான கப்பல்மா. உள்ளே கேன்டீன்ல என்ன மிச்சம் இருக்கும்? எல்லாருக்கும் போடலாம்."

"எதுல சமைப்பீங்க? கேஸ் ஏது?"

பூல்மணிக்கு எங்கள் தமிழ் புரிந்துவிட்டது. பின்கட்டுக் கொட்டகையைக் காட்டினாள். மழை படாமல் கூரை வரை தேங்காய் மட்டையும் சிரட்டையும் அடுக்கியிருந்தாள். இந்தத் தீவில் வெங்காயம் இல்லாமல் போகும், தேங்காய் இல்லாமல் போகாது. கல் கூட்டி மூன்று அடுப்பு போட்டோம். பதினாறு கிலோ அரிசி, மூன்று அண்டா. பூல்மணி தீயைப் பார்த்துக்கொண்டாள். அவள் முன் நான் கற்றுக்குட்டி. எரிவாயுவைத் தாளிப்புக்கும் ரசத்துக்கும் மட்டும் வைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு தேங்காயைத் துருவித் துவையல் அரைத்தேன். மின்சாரம் இருந்தது, மருமகனுக்கு நன்றி. சோற்றைப் பாயில் கொட்டி ஆறவிட்டு, மூன்று ஜாடியையும் கவிழ்த்தேன்.

பன்னிரண்டு பத்துக்கு வாசலில் கூட்டம். வீடு இருப்பவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இல்லாதவர்கள், இன்னும் உள்ளே செல்ல வேண்டியவர்கள், வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் எங்கள் வாசலில். முகத்தில் ஐந்து நாள் கடல் இருந்தது. குழந்தைகள் அழுதன. ஒருவர் இன்னொருவரின் பெட்டியைத் தள்ளினார். ஜெயராணி கதவில் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். குரல் கம்மிவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அங்கிள், இவங்கள என்ன பண்றது?"

அறுபத்தெட்டு நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் மேலாளர் கேள்வி.

தலைகளை எண்ணினேன். நூற்று நாற்பத்தேழு. எங்களிடம் நாற்காலி இருபத்துநான்கு, பெஞ்சில் ஏழு. மொத்தம் முப்பத்தொன்று. முப்பத்தொன்று என்றதும் ஸ்டோரில் கிடந்த தினசரிக் காலண்டர் நினைவுக்கு வந்தது. முந்தைய ஆண்டுக் காலண்டர். மெயின்லேண்டில் யாரோ அன்பளிப்பாக அனுப்பி, கப்பலில் மார்ச் மாதம் வந்து சேர்ந்ததால், யாரும் மாட்டாமல் ஒரு தாள்கூடக் கிழியாமல் இருந்தது. ஜனவரிக்கு முப்பத்தொரு தாள்.

கிழித்துக்கொண்டே வெளியே போனேன். கைக்குழந்தைக்காரர்கள், வயதானவர்கள், வாந்தி எடுத்துச் சோர்ந்தவர்கள் எல்லோருக்கும் ஜனவரி. அடுத்தவர்களுக்குப் பிப்ரவரி. பிறகு மார்ச், ஏப்ரல். கடைசி ஆள் கையில் மே இருபத்தேழு. நூற்று நாற்பது சொல் ஹிந்தியில் அறிவித்தேன். ஜனவரி பன்னிரண்டு இருபது, பிப்ரவரி பன்னிரண்டு முப்பத்துநான்கு, மாதத்துக்குப் பதினான்கு நிமிடம். தன் மாதம் வரும்வரை எதிர்க் கடைத் தாழ்வாரத்தில் பெட்டியின் மேல் உட்காரலாம், எழுந்து நிற்க வேண்டாம்.

கூட்டம் தாளைப் பார்த்தது. முதலில் ஒருவர் சிரித்தார்.

"சார், நான் மார்ச்சு, என் வீட்டுக்காரி ஏப்ரல். ஒரு மாசம் பிரிஞ்சிருக்கணுமா?"

"புருஷன் பொண்டாட்டிக்கு ஒரே மாசம். மாத்திக்குங்க."

"மே வரைக்கும் உசுரு இருக்குமா தாத்தா?"

"ஒண்ணு பதினாறுக்கு மே. அதுவரைக்கும் புடிச்சு வைங்க."

ஜனவரி சரியாகப் பன்னிரண்டு இருபதுக்கு உட்கார்ந்தது. புளியோதரை, தேங்காய்த் துவையல், ஒரு டம்ளர் சூடான ரசம். முதல் ஐந்து நிமிடம் ஒரு குரலும் இல்லை. நான் சமைத்த இடங்களில் அப்படியொரு அமைதியைக் கேட்டதில்லை. பிப்ரவரி பன்னிரண்டு முப்பத்துநான்கு. மார்ச் பன்னிரண்டு நாற்பத்தெட்டு. ஒரு நிமிடம் தவறவில்லை. இந்தத் தீவில் அறிவித்த நேரத்துக்கு நடந்த ஒரு காரியத்தை அன்றுதான் பார்த்தேன். அதை நடத்தியது நான்.

மார்ச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, முப்பது வயது இளைஞர் ஒருவர் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஜெயராணியிடம் வந்தார். பிப்ரவரியில் இரண்டாம் முறை ரசம் கேட்டவர். முகத்தில் இப்போதுதான் இரத்தம் ஊறியிருந்தது.

"மேடம், நான் அன்பரசன். கேட்டரிங். இன்னைக்கே ஜாயின் பண்ணிடட்டுமா? நான் என்ன பண்ணணும்?"

ஜெயராணி இரண்டு கைகளிலும் தட்டு வைத்திருந்தாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை. மோவாயால் என்னைக் காட்டினாள்.

"என்னைய ஏன் கேக்குற? அதோ நிக்கிறாரு பாரு மேனேஜர். அவரக் கேளு."

என் கையில் மே மாதத் தாள்கள் நான்கு மிச்சம் இருந்தன. உதவி மேலாளர் என்று திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை.

"மொதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடிங்க தம்பி," என்றேன். "அப்புறம் உள்ளே ஆறு தேங்காய் பாக்கி இருக்கு. துருவுங்க. துவையல் மே மாசத்துக்குப் பத்தாது."

அவர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்.

ஒன்று முப்பதுக்கு மே முடிந்தது. ஜெயராணி வாசல் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"மூணு மாசத்துக்கு இன்னும் மூணு நாள் இருக்கு" என்று நினைவூட்டினேன்.

"எண்ணாதீங்க அங்கிள், தலை சுத்துது. நீங்க பக்கா. அந்தப் பையன் உங்களுக்குக் கீழே. ரெண்டு வேலைய ஒரு ஆளா பாத்தீங்க, இப்ப உங்களுக்கு ஒரு ஆள் வேணும்."

6

அன்பரசன் இன்னும் இருக்கிறார். நல்ல கை. ஆனால் சாம்பாரில் சோளமாவு கரைத்துவிடுகிறார், கெட்டியாக இருக்குமாம். இதுவரை நாற்பத்தொரு முறை சண்டை போட்டிருக்கிறோம். முப்பத்தெட்டில் நான் வென்றேன். இப்போது கப்பல் வராத நாளிலும் எங்கள் ஹோட்டலில் புளிக்காய்ச்சல் ஒரு ஜாடிக்குக் குறையாமல் இருக்கும். காதர் பாய் தன் மருமகனிடம் 'கமோர்ட்டா ஸ்டேஷன் மாஸ்டர்' என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறாராம். பேரன் சென்ற வாரம் போனில், "தாத்தா, என் ஃப்ரெண்ட்ஸுக்கு நீங்க வந்து புளியோதரை பண்ணிக் குடுங்க, ப்ளீஸ்" என்றான். ஒன்பது சொல்லுக்குள், எண்ணிப் பார்த்தேன், ஏழு தமிழ். அதற்காகத்தான் டிக்கெட்.

எண்பத்தேழாம் நாளைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கூட்டம் கலைந்த பிறகு, மழைக்காகப் பள்ளியைச் சீக்கிரம் விட்டிருந்ததால், கலைவாணி குடையோடு வந்தாள். உடன் ஸ்டாஃப் ரூமைச் சேர்ந்த இரண்டு ஆசிரியைகள். என் வேட்டி முழுக்கப் புளி. முகத்தில் சிரட்டைக் கரி. எனக்கு உள்ளே ஓடிவிடலாமா என்று இருந்தது.

"டீச்சர், இவர் உங்க அப்பாதானே?" என்றார் ஒருவர்.

"எங்கப்பாதான்," என்றாள் கலைவாணி. "இங்க அசிஸ்டென்ட் மேனேஜர்."

நான் இன்னும் அவளிடம் செய்தியைச் சொல்லியிருக்கவில்லை. மூன்று நாள் மிச்சம் இருக்கும்போதே அவள் சொல்லிவிட்டாள். அண்டாவில் அடியில் ஒட்டியதைச் சுரண்டி மூன்று தட்டில் வைத்தேன். மூவரும் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கலைவாணி என் சமையலைச் சாப்பிட்டது அதுதான் இரண்டாம் முறை. உப்புமாவைக் கணக்கில் சேர்த்தால்.

மாலை வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள். "நாளைக்கு உங்களை எத்தனை மணிக்கு எழுப்பணும்?"

"நாலு இருபதுக்கு."

"நாலரைக்கு எழுப்புறேன்."

"நாலரைக்கு எழுந்தா அஞ்சு மணிக்கு அங்கே இருக்க முடியாதும்மா."

"சரிப்பா. நாலு இருபது."

அன்றிலிருந்து வேலை நாளில் ஒன்றுகூடத் தவறாமல், நாலு இருபதுக்கு அவள் கதவைத் தட்டுகிறாள். எனக்கு மூன்றே முக்காலுக்கே விழிப்பு வந்துவிடும். அவள் தட்டும்வரை நான் எழுவதில்லை.